வெளுத்த மகாராணி

எங்கள் வீட்டுக் கொல்லையில் குளம் வெட்டியது நாங்கள் இருவரும்தான். ஆனால் பெருமை முழுக்க என் கணவருக்கு. குளத்தில் பாதி மீன் தட்டுக்கு, பாதி மீன் கண்ணுக்கு. தட்டுக்கான ஜிலேபி மீன்கள் அவருடையவை; கண்ணுக்கான தங்கமீன்கள் என்னுடையவை. பின்னால் வாய்ச்சண்டை வரக்கூடாது என்று முதல் நாளே அவர் ஒரு சட்டம் போட்டார்.

“செவப்பா இருந்தா உன்னோடது. செவப்பு இல்லைன்னா என்னோடது. இதுக்கு மேல பேச்சே கிடையாது.”

அவருடைய குஞ்சுகள் அப்போது வெளிறிப்போய், நோஞ்சானாக இருந்தன. என்னுடையதில் மகாராணி என்று ஒருத்தி, கங்கு போலச் சிவந்திருப்பாள். நான் கொல்லைக் கதவைத் திறந்தாலே கரைக்கு வந்து வாயைத் திறப்பாள்.

சட்டம் போட்ட மனிதர் சரியான சோம்பேறி. என் மீனுக்கு நிறம் கூட்டும் தீனி, அவர் மீனுக்கு வளர்ச்சித் தீனி என்று யார் இரண்டு தடவை நடப்பது? இரண்டையும் ஒரே வாளியில் கலந்து வீசினார். நிறத் தீனி மிதக்கும். அவருடைய முரடர்கள் முண்டியடித்து அதை விழுங்கிவிடுவார்கள். என் பிள்ளைகளுக்கு அடியில் தங்கிய மிச்சம்மீதிதான். தினமும் பார்க்கிற கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் சாப்பிட வந்தார். “மாப்பிள்ளை, மீன் வளக்குறீங்களா, கொசு வளக்குறீங்களா?” என்று போன தடவை கேட்டவர். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த விருந்தே. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

என் கணவர் கைவலையை விட்டு அள்ளினார். வந்த ஜிலேபி அத்தனையும் செக்கச்செவேலென்று துள்ளின.

“எடுக்காதீங்க,” என்றேன். “செவப்பெல்லாம் எனக்கு. சட்டம்.”

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவர் முகம் தொங்கிப்போனது. எனக்கும் சிரிப்புத்தான், வலையின் மூலையில் வெள்ளைவெளேரென்று ஒருத்தி வாயைத் திறந்து என்னைப் பார்க்கும் வரை.

மகாராணி!

“இது செவப்பு இல்லையே,” என்றார் இவர் நிதானமாக. “அப்ப என்னோடது. எண்ணெய் காய்ஞ்சுதா?”

விளையாடுகிறார் என்று தெரியும். ஆனாலும் மச்சான் முன்னால் மானம் போன மனிதரை எந்த அளவுக்கு நம்புவது?

“அவளைத் தண்ணியில விடுங்க. பதிலுக்கு ஜிலேபி தர்றேன்.”

“நாலு.”

“ரெண்டு.”

“மூணு,” என்றார் அண்ணன், பசி தாங்காமல்.

மூன்று மீனும் பொரிந்தன. கேலி பேச வந்தவர் முள்ளைக்கூட விடாமல் சப்பிவிட்டு, “மாப்பிள்ளை, குஞ்சு எங்க வாங்குனீங்க?” என்று கேட்டார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. நான்தான் இவர் மேலிருந்த கோபத்தில் பாத்திரங்களை உருட்டினேன்.

மறுநாள் காலை கொல்லையில் இரண்டு வாளிகள் இருந்தன. இவர் குளத்தோரம் மண்டியிட்டு, முரடர்களை ஒரு கையால் விரட்டிக்கொண்டே, மறுகையால் நிறத் தீனியை மகாராணியின் வாயருகே உதிர்த்துக்கொண்டிருந்தார். நான் கதவருகே நிற்பதைப் பார்க்கவில்லை.

“சும்மா வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்,” என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “அவ நெஜமாவே பயந்துட்டா. சீக்கிரம் செவந்துடு, தாயே.”