எண்ணெய்த் துளை

பன்வில தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், வாடிய கொழுந்தை உருட்டும் ரோலர்கள் இரண்டு அருகருகே நின்றன. ஒன்று கட்டுகஸ்தோட்டை வேலைத்தளத்தில் வார்த்தது. அதன் வயிற்றில் கம்பெனியின் பெயர் புடைத்து நின்றது. மற்றது தைவானிலிருந்து கப்பலில் வந்தது. பச்சைப் பெயின்ற் இன்னும் மணத்தது. இரண்டையும் ஓட்டிப் பார்த்து, எதில் ஆறு வாங்கலாம் என்று தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் சுந்தரலிங்கம் சொல்லவேண்டும். அவர் சொல்லுக்குத் தோட்டத்தை நடத்தும் துரை மறுப்புச் சொல்வதில்லை.

சுவக்கின் இருபத்தாறு வருடமாக அந்த வேலைத்தளத்தில் இயந்திரம் பொருத்தும் தலைமைப் பிற்றர். இந்த ஆறும் போனால் இரும்பு வார்க்கும் பவுண்டரியை மூடவேண்டியதுதான் என்று முதலாளி சொல்லித்தான் அனுப்பியிருந்தார். எழுபது வருடமாக மலைநாட்டில் யாருக்கு ரோலர் வேண்டுமென்றாலும் அவர்களிடம் எட்டு மாதம் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. 1977இல் அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு எட்டு வாரம்கூட யாரும் காத்திருப்பதில்லை.

ஆனால் அன்று சுவக்கினின் நெஞ்சைக் குடைந்தது பவுண்டரி அல்ல. பச்சை ரோலரின் பக்கத்தில் டை கட்டி நின்ற தனபாலன். ஐந்து வருடம் முன்புவரை அவருக்குக் கீழே வேலை செய்தவன். இப்போது தைவான் கம்பெனியின் ஏஜென்ற். விமானத்தில் போய்வந்தவன்.

"அண்ணே, சொகமா? பழைய ஆளு இன்னும் ஓடுதா?" அவன் சுவக்கினின் ரோலரைத் தட்டிக் கேட்டான்.

"நான் செத்தாலும் ஓடும்டா."

"அதாண்ணே ஒங்க கம்பெனிக்குக் கஷ்டம். பழுதாகாட்டி எவன் புதுசு வாங்குவான்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுவக்கினுக்குக் காது சுட்டது.

அவருடைய ரோலர் முதலில் ஒரு மணி நேரம் ஓடியது. ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பச்சை ரோலர் சுழலத் தொடங்கியதும் தொழிற்சாலையே அதைச் சுற்றிக்கொண்டது.

"புதுப்பொண்ணு மாதிரியில்ல இருக்கா!" என்றாள் கொழுந்து கூட்டும் பேச்சியம்மா.

மூத்த மனைவியைப்போலச் சுவக்கின் தூணருகே ஒதுங்கி நின்றார்.

அரை மணி கழிந்தது. அந்த இரைச்சலுக்குள் நூல்போல ஒரு கிறீச்சு அவருக்கு மட்டும் கேட்டது. எண்ணெய் இறங்காத பேரிங். இன்னும் பத்து நிமிடத்தில் காய்ந்து புகையும். பிறகு ஆறு ரோலரும் கட்டுகஸ்தோட்டையிலேயே வாங்குவார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

மூடிக்கொண்டுதான் இருந்தார். அங்கே தனபாலன் தைவானின் விளக்குகளைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். பேச்சியம்மா அவன் வாயையே பார்த்தபடி, "அங்கயும் மழ பெய்யுமா தம்பி?" என்று கேட்டாள். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அதைத்தான் சுவக்கினால் தாங்கமுடியவில்லை.

"நிப்பாட்டுங்க!"

ரோலர் நிற்கும் முன்பே, ஸ்க்ரூ ட்ரைவரின் நுனியை இரும்பில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்தார். "மூணாவது பேரிங். எண்ண எறங்கல."

"புது மெஷின் அண்ணே, அப்பிடி வராது," என்றான் தனபாலன். அவன் முகம் வெளிறியிருந்தது.

"பேச்சி, ஒன் கொண்ட ஊசியக் குடு."

எண்ணெய்த் துளையைப் பெயின்ற் அடைத்திருந்தது. ஊசியால் குத்தி எடுத்து, எண்ணெய் விட்டு, கையால் ஒருமுறை சுற்றிவிட்டார். ரோலர் மறுபடி ஓடியபோது பூனை நடப்பதுபோல இருந்தது. இப்போது எல்லாக் கண்களும் அவர்மேல். தனபாலன் டையைத் தளர்த்திக்கொண்டிருந்தான். சுவக்கினுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

சுந்தரலிங்கம் இரண்டு ரோலரின் கொழுந்தையும் முகர்ந்து பார்த்துவிட்டு வந்தார். "உருட்டினது ரெண்டும் ஒண்டுதான் சுவக்கின். பச்சை ரோலர் விலை குறைவு. பழுதானால் ஆரைத் தேடுறது எண்டு ஒரு பயம் மட்டும் இருந்தது. தைவானிலயிருந்தே ஆள் வரப்போகுது? இப்ப அந்தப் பயமும் போட்டுது. இதையும் திருத்தக் கட்டுகஸ்தோட்டையிலயே நீங்கள் இருக்கிறியள்." பிறகு தனபாலனிடம் திரும்பினார். "ஆறும் உங்களிட்டை எடுக்கச் சொல்லித் துரைக்கு எழுதுறன்."

சுவக்கின் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். அதன் நுனியில் பச்சைப் பெயின்ற் ஒட்டியிருந்தது.

"அண்ணே, எங்களுக்கும் ஒரு பிற்றர் வேணும்," என்று தனபாலன் தன் பெயர் அட்டையை நீட்டினான். இந்த முறை கேலி இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது. அவர் அதை வாங்காமல் ஊசியைத் துடைத்துப் பேச்சியம்மாவிடம் கொடுத்தார்.

"நல்லதுதானே செஞ்சீங்க? மொகம் ஏன் இப்பிடிப் போச்சு?" என்றாள் அவள்.

கயிறு கட்டிய தன் ரோலரோடு லொறியில் ஏறினார். வளைவு திரும்பும்வரை பச்சை ரோலரின் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு குறையாவது கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்கவில்லை.