வாயைப் பொத்திய கை

அக்கா மகன் தேர்தலில் நின்ற நாளிலிருந்து சலவைக்கடைச் சித்தி பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். "படகுல திருட்டுத்தனமா வந்தவனுக்கு என்ன மனித உரிமை? வந்த வழியே அனுப்புவேன்" என்று அவன் ஊரெல்லாம் முழங்கினான். அந்தச் சத்தத்துக்குப் பயந்த அதிகாரிகள் படகில் வந்த அவள் மருமகனின் அடைக்கல மனுவைத் தள்ளிவிட்டு, மகள் கைக்குழந்தையோடு கதறக் கதற அவனைத் திருப்பி அனுப்ப விமானம் ஏற்றினார்கள். கெஞ்சப் போன சித்தியை, "யாரும்மா நீங்க?" என்று வாசலோடு அனுப்பிவைத்தார் வேட்பாளர்.

இன்றைய கூட்டத்தில் கேள்வி கேட்பவர்களுக்கு மைக் கைமாறி வந்தது. இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்புக் கையால் அதைப் பிடுங்கிக்கொண்டு சித்தி விறுவிறுவென்று மேடையேறினாள்.

"ஏன்டா, நீ எதுல வந்தே? ஏரோப்பிளேன்லயா?"

கூட்டம் சிரித்தது. அவன் மைக்கை வாங்கக் கை நீட்டினான்.

"மூணு வயசு உனக்கு. ரோந்துக் கப்பல் பக்கத்துல வந்துச்சு. அழுதா புள்ளையத் தூக்கிக் கடல்ல போட்டுருவேன்னான் படகுக்காரன். உங்கம்மா மயங்கிக் கிடந்தா. உன்னை மடியில போட்டு வாயைப் பொத்தினது இந்தக் கைதான்."

"சித்தி, வீட்டுல பேசிக்கலாம்" என்று அவன் முணுமுணுத்தான். மைக் அதையும் ஊருக்கே சொன்னது.

"இப்பத்தான் சித்தின்னு கூப்பிட வாய் வந்துச்சா?"

மைக்கை மறு கைக்கு மாற்றி, அதே கையால் அவன் வாயை இறுக்கிப் பொத்தினாள்.

"அன்னிக்கு நீ பொழைக்கணும்னு பொத்தினேன். இன்னிக்கு மத்தவங்க பொழைக்கணும்டா."