ஊழியக்காரருக்கு மட்டும்

முதல் மௌனம் எப்போது வந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டின் மழைக்காலம் என்று நினைவு. கரண்ட் போய் மின்விசிறிகள் நின்றிருந்தன, அதனால்தான் அந்த அமைதி அவ்வளவு பெரிதாக இருந்தது என்றும் நினைவு. ஒச்சம்மாள் அதை ஒப்புக்கொள்வதில்லை. "ஃபேனு ஓடுச்சு. எந்தலைக்கு மேல இருந்தது கடகடன்னு கெடந்து ஆடுச்சு, இன்னைக்கு விழுமா நாளைக்கு விழுமான்னு அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்பாள். அவள் சொல்வது சரியாக இருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் எனக்குள் ஒன்றாகக் கலந்துவிட்டன.

எங்கள் சபை மிகச் சிறியது. எல்லா ஊர்க் கிளைகளையும் சேர்த்தாலும் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடுவோம். எங்கள் கிளை ராயபுரத்தில் ஒரு பழைய பனியன் கம்பெனிக் கட்டடத்தின் மாடியில் கூடும். பின்பக்கத்து இரண்டு அறைகள்தான் போதகர் வீடு. பிழைக்க வந்த தெற்கத்திக்காரர்களே அதிகம். நானும் ஒச்சம்மாளும் ஒரே கம்பெனியில், தைத்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் வேலை பார்த்தோம். மங்கலத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த சென்னியப்பன் சபை மூப்பர். போதகர் பாண்டித்துரை ஐயா உசிலம்பட்டிப் பக்கம். ஞானஸ்நானம் எடுத்தபோது பெயரை மாற்றச் சொன்னதற்கு, "ஆண்டவர் என்னைய இந்தப் பேரச் சொல்லித்தானய்யா கூப்பிட்டாரு" என்று மறுத்துவிட்டவர்.

எங்களிடம் காத்திருப்பு என்று ஒரு வழக்கம் உண்டு. பிரசங்கத்தின் நடுவே போதகர் பேச்சை நிறுத்தினால், ஆண்டவர் அவரிடம் பேசுகிறார் என்று பொருள். எல்லோரும் முழங்காலிட்டு, அவர் மீண்டும் வாய் திறக்கும்வரை அசையாமல் இருக்க வேண்டும். பிள்ளை அழுதால் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விட வேண்டும். ஐயா முன்பெல்லாம் அபூர்வமாகத்தான் நிறுத்துவார், அதுவும் சில நொடிகள்தான்.

அன்றைக்கு அவர் "ஆகையால், பிரியமானவர்களே" என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நாங்கள் முழங்காலிட்டோம். பக்கத்துக் கம்பெனியில் ஏதோ அவசர ஆர்டருக்காக நிட்டிங் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கால் மரத்துப் போனது. யாரோ விசும்பினார்கள், பிறகு நாலைந்து பேர். கடைசியில் பெண்கள் பக்கத்திலிருந்து அவருடைய மனைவி ரோஸ்மேரி அம்மா ஒரு பாட்டை எடுத்தார். ஐயாவும் கூடவே பாடினார், ஒரு வரி பிசகாமல். பாடி முடித்து ஆசீர்வாதம் சொல்லி அனுப்பிவிட்டார்.

படியிறங்கும்போது சென்னியப்பன் கண்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஏனுங்க, ஆண்டவரோட பிரசன்னத்த இப்படி நான் இதுக்கு மின்ன பாத்ததே இல்லீங்க. ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சுங்க."

"பக்கத்துக் கம்பெனிக்காரன் மிஷின நிப்பாட்டியிருந்தா இன்னுங் கொஞ்சம் சிலுத்திருக்கும்" என்றாள் ஒச்சம்மாள். "ஞாயித்துக்கெழமையும் ஓட்டுறான். பரலோகத்துக்கும் பனியன் அனுப்புறானோ என்னமோ."

அதன் பிறகு மௌனங்கள் அடிக்கடி வந்தன. நீண்டன. செய்தி பரவி அவிநாசிபாளையத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். இடம் போதாமல் படிக்கட்டிலும் முழங்காலிட்டார்கள். பேச்சுக்காக அல்ல, பேசாமல் இருப்பதற்காக ஒரு மனிதரைத் தேடி வந்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. வாரம் முழுவதும் மிஷின் சத்தத்தில் கிடந்தவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

ஐயாவிடம் புத்தகம் இரவல் வாங்கிப் படிப்பது என் வழக்கம். ஒரு சாயங்காலம் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். செருப்புகளை மடியில் வைத்திருந்தார்.

"தம்பி, உசிலம்பட்டி பஸ்ஸு எந்நேரத்துக்கு?" என்றார்.

நான் சிரிக்கப் பார்த்தேன். ரோஸ்மேரி அம்மா சமையலறையிலிருந்து வந்து, அவர் மடியிலிருந்த செருப்புகளை எடுத்துக் கீழே வைத்தார். "இன்னும் நேரங் கெடக்கு. காப்பியக் குடிங்க, போவோம்."

பலமுறை சொல்லிப் பழகிய குரல். அவர் காப்பியைக் குடித்தார். நான் அம்மாவின் பின்னால் சமையலறைக்குப் போனேன்.

"எம்புட்டு நாளா இப்படி?"

"நீங்கள்லாம் முழங்கால் போட ஆரம்பிச்சதுக்கு முன்னாடியிருந்தே. டாக்டர்ட்டயும் காட்டியாச்சு. மூளை சுருங்குதாம். வைத்தியம் இல்லையாம்." அவர் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "வெளிய சொல்லிராதிய தம்பி."

"சபைக்குத் தெரிஞ்சா பாத்துக்குவாங்கள்ல? ஓய்வு இல்லம் இருக்கே."

"அது ஊழியக்காரருக்கு."

எனக்குப் புரியவில்லை. அம்மாதான் விளக்கினார். எங்கள் சபையைத் தொடங்கியவர் கல்யாணம் செய்யாதவர். அவரோடு ஊழியத்துக்கு வந்தவர்களும் அப்படியே. முடியாத காலத்தில் அவர்கள் தங்குவதற்காகத் தாராபுரம் தாண்டி அந்த இல்லத்தைக் கட்டினார். பிற்பாடு போதகர்கள் மணம் செய்யலாம் என்றானது. இல்லத்தின் சட்டத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. நோயில் விழுந்த போதகர் உடனே ஓய்வு பெற்று இல்லத்துக்குப் போய்விட வேண்டும், அவருடைய வீடு அடுத்த போதகருக்கு. மனைவிக்கு அங்கே இடமில்லை, அவர் தன் பிள்ளைகளோடு போய் இருந்துகொள்ள வேண்டும்.

"எங்களுக்குப் பிள்ளை இல்ல" என்றார் அம்மா. "அவருக்கு இப்ப எம்முகம் மட்டுந்தான் தெரியுது. நான் கொல்லைக்குப் போனாக்கூட வாசல்ல வந்து நிக்கிறாரு. அங்க கொண்டுபோய் விட்டா, யாருகிட்டப் போய் பஸ்ஸு கேப்பாரு?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு முழங்காலில் இருந்தபோது கண்ணைத் திறந்து பார்த்தேன். ஐயா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், முன்பின் தெரியாத ஊரில் இறங்கிவிட்டவரைப் போல.

ஆண்டவர் சபையை உயிர்ப்பிக்கும் எழுப்புதல் நடக்கிறது என்ற செய்தி தலைமைக்குப் போய்விட்டது. அனுப்பியவர் சென்னியப்பன்; பெருமையோடுதான் அனுப்பினார். எல்லாச் சபைகளுக்கும் மேலான கண்காணி ஐயா, நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வெள்ளை ஜிப்பா, மெல்லிய குரல், எல்லோரிடமும் பெயர் கேட்டுக் கைகுலுக்கினார். கெட்டவர் அல்ல. அதை நான் சொல்லியாக வேண்டும்.

ஐயா வேதாகமத்தைத் திறந்து ஒரு வசனத்தை வாசித்தார். நிறுத்தினார். முழங்காலிட்டோம். ரோஸ்மேரி அம்மா சற்றுப் பொறுத்துப் பாட்டை எடுத்தார். முதல் வரி முடிவதற்குள் கண்காணி ஐயா கையை உயர்த்தினார்.

"வேண்டாம் அம்மா. நாம் தடை செய்யக்கூடாது. காத்திருப்போம்."

பாட்டு நின்றது. காத்திருந்தோம். அம்மாவின் விரல்கள் சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தன. இன்னொருமுறை பாட்டெடுக்க அவருக்குத் துணிவு வரவில்லை. எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. ஐயா மேசையின் விளிம்பைத் தடவினார். பிறகு மேடையிலிருந்து இறங்கி, குனிந்திருந்த தலைகளுக்கு நடுவே ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே நடந்து, பெண்கள் பக்கம் போனார். மனைவியைக் கண்டதும் முகம் தெளிந்தது. அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கதான் இருக்கியா ரோசு? வீட்டுக்குப் போவமா? இவங்க யாருன்னே தெரியல."

மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

மதியம் போதகர் வீட்டில் கூடினோம். கண்காணி ஐயா, சென்னியப்பன், ரோஸ்மேரி அம்மா, நானும் ஒச்சம்மாளும். எங்கள் எல்லோரிடமும் உசிலம்பட்டி பஸ்ஸைக் கேட்டுவிட்டு, உள்ளறையில் ஐயா தூங்கிக்கொண்டிருந்தார்.

"சபை தன் ஊழியக்காரரைக் கைவிடாது" என்றார் கண்காணி ஐயா. "இல்லத்தில் அவருக்கு ஒரு குறையும் இருக்காது."

"அம்மாளையும் கூடக் கூட்டிட்டுப் போயிரலாமுங்களா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"அதற்கு இடமில்லை, மூப்பரே. உங்களுக்குத் தெரியாதா?"

"அப்படீன்னா எங்கூட்டுலயே வெச்சுக்கறனுங்க. தறிக்குடோனுக்குப் பக்கத்துல ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்குதுங்க. ரெண்டு பேரும் இருந்துக்கட்டும்."

"ஊழியக்காரர் விசுவாசியின் கூரைக்குக் கீழே வாழக்கூடாது. ஒருவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டால் அவருக்குத்தான் பிரசங்கிப்பார் என்று நம் பெரியவர் வைத்த சட்டம்."

"அவரு இனி எங்கய்யா பிரசங்கிக்கப் போறாரு?" என்றாள் ஒச்சம்மாள். "ஊருக்குப் போற பஸ்ஸயில்ல கேக்குறாரு."

கண்காணி ஐயாவுக்கு முகம் சிவந்தது. "நான் வைத்த சட்டம் இல்லை, அம்மா. மீறினால் அவர் ஊழியக்காரர் என்ற பெயரை இழப்பார். நாளைக்கு அவரை அடக்கம் பண்ணக்கூடச் சபை வர முடியாது."

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்ற சொல் அவரை அடித்துவிட்டது. மதம் மாறிய குடும்பம் என்று, அவருடைய தகப்பனாரை ஊர் தன் மயானத்தில் புதைக்க விடவில்லை. இந்தச் சபைதான் வந்து புதைத்தது. "காத்திருந்து ஜெபிச்சுப் பாக்கலாமுங்க" என்றார், தரையைப் பார்த்தபடி.

முழங்காலிட்டோம். ஒருவரும் பேசவில்லை. அம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து அவர்தான் பேசினார்.

"அவரு பேசாம நின்னப்ப, ஆண்டவர் பேசுறார்னு சொன்னீங்க. இப்ப நீங்க பேசாம இருக்கீங்களே. இதுல யாரு பேசுறா?"

அவர் உள்ளே போய் ஐயாவின் துணிகளை மடிக்கத் தொடங்கினார். அதுதான் எங்கள் காத்திருப்புக்கு வந்த பதில் என்று கண்காணி ஐயா எடுத்துக்கொண்டார். "ஸ்தோத்திரம்" என்று சொல்லி எழுந்தார்.

இல்லத்து வேன் ஒரு வியாழக்கிழமை வந்தது. கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போகிறோம் என்று அம்மா அவரிடம் சொல்லியிருந்தார். புதிதாகத் தேய்த்த வெள்ளைச் சட்டையை மாட்டி, பொத்தான்களைப் போட்டுவிட்டார். ஐயா வேனில் ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தன் வேதாகமத்தைப் பக்கத்துச் சீட்டில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டார், பஸ்ஸில் இடம் பிடிப்பவரைப் போல.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

"இருப்பா" என்றார் ஐயா. "எங்க வீட்டம்மா வருது."

சென்னியப்பன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சாமி, அம்மா பின்னால வர்றாங்க சாமி" என்றார். அதுவரை அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. கதவைச் சாத்தினார். அம்மா மாடியிலிருந்து இறங்கவேயில்லை.

ஐயா அந்த இல்லத்தில் ஒரு வருடத்துக்கும் குறைவாகவே இருந்தார். தினமும் வாசல் கதவருகே போய் நிற்பாராம். போகப் போகப் பேசுவதையே விட்டுவிட்டார். அங்கிருந்த மற்ற முதிய ஊழியர்கள் முதலில் அதைக் காத்திருப்பு என்றே நினைத்தார்களாம். இரண்டாயிரத்து ஒன்பதில் இறந்தார். சபை முறைப்படி அடக்கம் செய்தது. அம்மாவுக்கு மறுநாள் தகவல் சொன்னார்கள்.

ரோஸ்மேரி அம்மா ஒச்சம்மாளின் லைன் வீட்டில் அவளோடு தங்கி, எங்கள் கம்பெனியில் துணி மடிக்கும் வேலைக்கு வந்தார். ஐயா இருந்தவரை, அம்மா பார்த்துவிட்டுத் திரும்பிய ஒவ்வொரு முறையும் அவரைச் சமாளிக்க முடியவில்லை என்று சொல்லி, வருவதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள் இல்லத்துக்காரர்கள். ஐயாவுக்குப் பிறகு அம்மா நான்கைந்து ஆண்டுகள் உயிரோடு இருந்தார். சபைக்கு ஒருமுறையும் வரவில்லை. சென்னியப்பன் மூப்பர் பொறுப்பை விட்டார். கடைசி வரிசையில் உட்காருகிறார். அந்தத் தறிக்குடோன் அறையை அவர் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. கண்காணி ஐயா பக்கவாதம் வந்து இப்போது அதே இல்லத்தில் இருக்கிறார். அவருடைய மனைவி பெங்களூரில் மகள் வீட்டில். ராயபுரத்துக்கு வந்த புதிய போதகர் பிரசங்கத்தை நிறுத்துவதேயில்லை. ஒச்சம்மாள் இன்னும் செக்கிங்கில் இருக்கிறாள். நான் சபைக்குப் போய்வருகிறேன். சட்டம் அப்படியே இருக்கிறது.