ராடில் பதிந்த பற்கள்

நர்ஸ் தன் காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தி, சட்டென்று விட்டாள். நல்ல வண்டி ஒரு தடவை எழும்பி அப்படியே அடங்கிவிட வேண்டும். இது எழும்பியது, தாழ்ந்தது, மறுபடி எழும்பியது, யாரோ தொட்டிலை ஆட்டிவிட்டுப் போன மாதிரி தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா அண்ணி? போன வருஷம்தான் புது ஷாக் அப்சார்பர் போட்டேன். என் கையால போட்டது. அதுக்குள்ள முடிச்சுட்டீங்களே!" என்றான் கொழுந்தன்.

வீட்டில் அவனுக்கு இன்ஜினியர் என்று பெயர். எந்தக் கல்லூரியும் கொடுத்த பட்டமில்லை. எப்போதோ மின்விசிறியைக் கழற்றி மாட்டி, அது சுற்றவும் சுற்றியதால், பெற்ற தாய் பூரித்துப்போய்ச் சூட்டியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எது பழுதானாலும் அவன்தான் தொடுவான். தொட்டபின் எது கெட்டாலும் குற்றம் அடுத்தவர் தலையில் விழும்.

இந்த முறை விழுந்தது அண்ணியின் தலையில். அவள் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் கழுவிக் கட்டுப் போடுகிறவள். கார் சின்னது, பழையது, ஆனால் அவள் சம்பாத்தியத்தில் வாங்கியது. போன வாரம் ஒரு வளைவில் குழியில் இறங்கியதும் பின்சக்கரம் துள்ளி, வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டுபோய் மதிலில் உரசியது. இன்ஜினியர் குனிந்து பார்த்தான், ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிவதைக் கண்டான், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டான்: "குழியைப் பாத்தா அண்ணி ஒதுங்க மாட்டாங்க, குழிதான் ஒதுங்கிக்கணும்!" மாமியாரிலிருந்து நாத்தனார் வரை எல்லோரும் சிரிக்கும் பொம்மை முகங்களை வரிசையாக அனுப்பினார்கள். அன்று மாலையே முடிவும் ஆகிவிட்டது. இனி அவள் ஓட்ட வேண்டாம், இன்ஜினியர் ஓட்டுவான். சாவி கணவனின் சட்டைப் பைக்குப் போனது. பத்து மணிக்கு முன் கண் விழிக்காதவனை நம்பி, காலையில் கட்டு மாற்ற வேண்டிய நோயாளிகள் காத்திருக்க வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்று புதிதாக ஒரு ஜோடி ஷாக் அப்சார்பர் வந்திருந்தது. வீட்டின் பின்முற்றத்தில் இன்ஜினியர் வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரங்களைக் கழற்றினான். கணவன் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் நட்டுகளை வைத்துக்கொண்டு, இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தான்.

இன்ஜினியர் பழையதை உருவித் தரையில் போட்டான். அவள் எடுத்து நிமிர்த்தி வைத்து, அதன் குழாயிலிருந்து நீண்டிருந்த இரும்புத் தண்டை, ராடை, உள்ளே அமுக்கினாள். அது எதிர்ப்பே இல்லாமல் இறங்கி, அங்கேயே கிடந்தது. புதியதை அமுக்கிவிட்டாள், அது பொறுமையாகத் தானே எழும்பி வந்தது. பழையதன் ராடை மூடியிருந்த ரப்பர் உறையைக் கீழே தள்ளி, எண்ணெய் அழுக்கைத் துணியால் துடைத்தாள். கண்ணாடி போல வழவழவென்றிருக்க வேண்டிய இரும்பில், மேல்பக்கம், விரல் தடுக்கியது. வரிவரியாகக் கீறல்.

"இது என்ன?"

"அதுவா... கம்பெனில செய்யும்போதே வர்றது அண்ணி."

"புதுசுல இல்லையே."

"இது வேற பேட்ச்."

கூசாமல் அள்ளிவிட்டான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

புதியதைச் சக்கரத்தின் பக்கமாக உள்ளே நுழைத்துவிட்டு, டிக்கிக்குள் தலையை விட்டு மேல் நட்டை முறுக்கத் தொடங்கினான். கொஞ்ச தூரம் போனதும் நட்டோடு சேர்ந்து ராடும் சுற்றியது. "அண்ணா, அந்தக் கட்டிங் பிளேயரை எடு" என்று கையை நீட்டினான். வாங்கி, கீழே கையை விட்டு, உறையை இறக்கிவிட்டு, பளபளக்கும் ராடைக் கவ்வப் போனான்.

சக்கரத்தின் பக்கம் குந்தியிருந்த அவள் பிளேயரைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் பழைய ராடின் மேல் வைத்தாள். பிளேயரின் பற்கள் கீறல்களில் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன.

கணவன் நாற்காலியிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தான்.

"குழியில இறங்கறப்பல்லாம் இந்தக் கீறல் உள்ள போய், எண்ணெயை அடைச்சு வெச்சிருக்கற ரப்பர் சீலை அரம் மாதிரி அறுத்திருக்கு. எண்ணெய் ஒழுகாம என்ன பண்ணும்?" என்றாள்.

"ராடு கூடவே சுத்துதே அண்ணி! பிடிக்காம எப்படி முறுக்கறது?"

"ராடு நுனியைப் பாரு. கம்பெனிக்காரன் ரெண்டு பக்கமும் தட்டையா சீவி விட்டிருக்கான். எதுக்கு, அழகுக்கா?"

அவன் பார்த்தான். சின்ன ஸ்பேனர் ஒன்றை எடுத்து நுனியில் மாட்டினான். கச்சிதமாகப் பிடித்தது. இன்னொரு ஸ்பேனரால் நட்டை முறுக்க, ராடு அசையாமல் நின்றது. அவன் முகத்தில் அசடு வழிந்தது. "தெரியாம பண்ணிட்டேன்" என்று மென்று விழுங்கினான்.

"தெரியாம பண்ணினே, சரி. தெரியாமலே என் மேல எப்படிப் போட்டே?"

"சரி விடு. அதான் இப்ப சரியாயிடுச்சே" என்றான் கணவன்.

அவளுக்கு இப்போதுதான் உண்மையாகவே கோபம் தலைக்கேறியது. "உங்களுக்கு எல்லாமே சுளுவா சரியாயிடும். சாவியை வாங்கும்போது இந்த 'சரி விடு' எங்க போச்சு? ஊரெல்லாம் கேக்கப் பேசினான்ல, அதே குழுவுல, அதே குரல்ல சொல்லட்டும்."

இரண்டு பக்கமும் மாட்டி, சக்கரங்களைப் பூட்டி, வண்டியை இறக்கியதும் இன்ஜினியர் போனை எடுத்தான். "எல்லாருக்கும் வணக்கம். வண்டில ஒரு சின்ன டெக்னிக்கல் பிரச்சினை..."

"அழி."

"அண்ணி மேல முழுத் தப்பும் இல்ல..."

"முழுசா இல்லன்னா மிச்சம் எவ்வளவு? அழிடா."

மூன்றாவது தடவை, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான்: "நான் பிளேயரால பிடிச்சதுல ராடு கீறி ஷாக் அப்சார்பர் போச்சு. அண்ணி ஓட்டினதுல ஒரு தப்பும் இல்ல."

அவள் கையை நீட்டினாள். கணவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். கால் புண்ணோடு ஒரு பெரியவர் தன் வீட்டில் காத்திருந்தார். மருந்துப் பையைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

தெருமுனைக் குழியில் வண்டி இறங்கி, ஏறி, அடங்கியது. வளைவில் தரையைப் பற்றிக்கொண்டு திரும்பியது. போன் அதற்குள் இரண்டு தடவை சிணுங்கிவிட்டது. பெரியவர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு எடுத்துப் பார்த்தாள். மாமியாரின் குரல் பதிவு, இன்ஜினியருக்கு.

"பாவம்பா நீயும் எவ்வளவுதான் பாப்பே. பெரிய மனசு பண்ணி பழியை உன் மேல போட்டுக்கிட்டே. ஆனாலும் அவளைக் கொஞ்சம் மெதுவாவே ஓட்டச் சொல்லு."

அடியில் நாத்தனாரின் கைகூப்பிய பொம்மை.

அவள் இன்ஜினை அணைத்தாள். மருந்துப் பையைத் தொடவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனை வாயருகே கொண்டுபோய், பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"அத்தை," என்று ஆரம்பித்தாள்.