போதி இலையில் ஒரு பொட்டு

அகிலன் கயாவுக்குப் போனது அப்பாவுக்குச் சிராத்தம் செய்ய. அங்கிருந்து புத்த கயாவுக்கும் ஓர் எட்டு போய்வந்தது லான் ஆன்ட்டிக்காக. அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் பக்கத்து அபார்ட்மென்ட், வியட்நாம்காரர், கணவர் இறந்து பல வருடம். புத்தர் ஞானம் பெற்ற அரச மரத்தடியில் ஒரு முறையாவது உட்கார வேண்டும் என்பது அவருடைய ஆயுள் ஆசை. டயாலிசிஸ் விட்டால்தானே! "ஓர் இலை போதும். பறிக்கக் கூடாது, தானாக விழுந்ததாக இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

எந்தெந்தத் தேசத்திலிருந்தோ வந்தவர்களோடு அண்ணாந்து பார்த்தபடி காத்துக் கிடந்து, அகிலன் ஒன்றைப் பொறுக்கி வந்தான்.

வீடு திரும்பி அவன் அசந்து தூங்கிய நேரத்தில் மனைவி யாமினி அதைச் சாமி அலமாரியில் வைத்தாள். கை சும்மா இருக்குமா? மஞ்சள் தடவி, குங்குமமும் வைத்துவிட்டாள். புதுக் காருக்கே பொட்டு வைக்கிறவள்.

"என்ன பண்ணி வெச்சிருக்க யாமினி! ஆன்ட்டி இதுக்கு எவ்ளோ நாளா வெயிட் பண்றாங்க!" என்று எழுந்து வந்த அகிலன் பதறினான்.

"யோசிக்கவே இல்லப்பா. கை தானா போயிடுச்சு."

துடைக்கப் போனால் கறை இன்னும் பரவியது. யாமினிக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவளே ஆன்ட்டியிடம் எடுத்துப் போய், ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள்.

ஆன்ட்டி அதை இரு கைகளாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். "துக்கத்திலிருந்து வெளியே வர எல்லோருக்கும் ஒரு வழி உண்டு என்று புத்தர் கண்டது இந்த மரத்தடியில்தான்." கண்கள் நிறைந்திருந்தன. பிறகுதான் சிவப்பைக் கவனித்தார். "இது எதற்கு?"

"வீட்டுக்கு மதிப்பான எது வந்தாலும் வைப்போம் ஆன்ட்டி. மனிதர்களுக்கும்."

"நானும்தான் உன் வீட்டுக்கு வருகிறேன். எனக்கு வைத்ததே இல்லையே?"

கிண்டலாகத்தான் கேட்டார். யாமினிக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு நவராத்திரிக்கும் கொலுவுக்கு வரும் பெண்களுக்கெல்லாம் குங்குமம் நீட்டுவாள். ஆன்ட்டியிடம் மட்டும் சுண்டலைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். கணவர் இல்லாதவர் என்பதுதான் காரணம். அம்மா அப்படித்தான் செய்தாள், அத்தையும் அப்படித்தான். பாவம், ஆன்ட்டிக்கு இன்றுவரை அது தெரியாது. யாமினிக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு ஓடிப்போய்க் குங்குமச் சிமிழோடு வந்தாள். ஆன்ட்டி கண்களை மூடி முகத்தை நிமிர்த்திக் காட்டினார். யாமினி பொட்டு வைத்தாள்.

"இலையில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா?" என்று ஆன்ட்டி கேட்டார்.

யாமினி இலையை அவர் நெற்றிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.