ஏழு பத்துக்குப் பறக்காத பலூன்

வானொலிப் பெட்டி தெருவுக்கு ஒன்றாக இருந்த காலம் அது. வானிலை நிலையத்தில் தினமும் மாலை ஏழு பத்துக்கு ஒரு பலூன் விடுவார்கள். அடியில் சின்ன விளக்கு தொங்கும். அது நகரும் திசையை வைத்துக் காற்றைக் கணக்கிடுவார்கள். விடுகிற வேலை அங்கே தற்காலிக ஊழியராக இருந்த அவளுடையது. 'ஏழு பத்து, விடப்பட்டது' என்று பதிவேட்டில் நாலு மணித் தேநீரோடேயே எழுதிவிடுவது அங்கே எல்லாருக்கும் பழக்கம். இருட்டில் யார் பேனாவைத் தேடுவது?

அன்றைக்கு வாயு நிரப்பும்போதே பலூன் கிழிந்துவிட்டது. கிழிசலைப் பிடித்தபடி அண்ணாந்தவள் வானத்தில் ஐந்து வெளிச்சங்களைப் பார்த்தாள். சத்தமே இல்லாமல், வரிசை கலையாமல், நாலு நிமிடம். ஊரே பார்த்தது. மறுநாள் மதியத்துக்குள் ஊர் வாயில் ஐந்து பன்னிரண்டாகிவிட்டது. அந்த நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருந்த அவள் அண்ணன்கூடப் பதினான்கு பார்த்திருந்தான்.

அடுத்த வாரம் பக்கத்து ஊர்த் தலைமையகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார்.

"நீங்க பாத்தது உங்க பலூன் விளக்குதாம்மா."

"அன்னிக்கு பலூனே போகலை சார்."

"போச்சுன்னு எழுதியிருக்கே? உங்க கையெழுத்துதானே?"

நிலையத் தலைவர் அவளை அவசரமாக வராந்தாவுக்கு இழுத்துப் போனார். "போச்சுன்னே சொல்லித் தொலையேம்மா! அடுத்த மாசம் உன் வேலை நிரந்தரமாகணும். வானத்துல எது போனா உனக்கென்ன?"

"ஒத்த விளக்கை அஞ்சா பாக்க என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு சார்?"

உள்ளே போய்ச் சொல்லிவிட்டாள். "நாலு மணிக்கே எழுதிட்டேன். தப்பு என்னுது. ஆனா வெளிச்சம் அஞ்சு."

அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. "நடக்காததை எழுதுற ஆளா நீங்க? அப்ப இதை மட்டும் எப்படி நம்புறது?"

"பொய் சொன்னா அது பலூன், உண்மை சொன்னா நான் பொய்க்காரியா? நல்லா இருக்கு சார் உங்க விசாரணை!"

'சாட்சி நம்பத்தக்கவர் அல்லர்' என்று எழுதி அதிகாரி கோப்பை மூடினார். வேலை நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "அஞ்சுதானா? நல்லா எண்ணினீங்களா? எங்க வீட்டு மாடியிலேர்ந்து ஆறு தெரிஞ்சுதே."

அவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. "அதை எழுதிட்டுப் போங்களேன் சார்!"

"எப்படிம்மா எழுதுவேன்? அன்னிக்கு எட்டு மணி வரைக்கும் ஆபீஸ்ல இருந்ததா கையெழுத்துப் போட்டிருக்கேனே!"