தலைவர் வீட்டு முகூர்த்தப் பட்டு

"பொண்ணு மேடைக்கு வரட்டும், பெரியவரும் வரட்டும். நீ மட்டும் கடைசி வரிசையில குந்திக்கோம்மா. தப்பா எடுத்துக்காத."

முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசியதால், தலைவர் கடைக் கணக்கர் பிரபாகரனின் வார்த்தைகளில் பாதி மூக்கோடு நின்றுவிட்டன. ஆனாலும் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்த பானுப்ரியாவுக்கு முழுசாகவே புரிந்தது. நாடா வீசிய கை நின்றது.

"ஏங்க அப்டி?"

"குத்துவிளக்கு ஏத்தறோம். தலைவரு வீட்ல இன்னும் பன்னெண்டு நாள்ல கல்யாணம் வேற. அம்மா சகுனம் பாக்கறவங்க. உனுக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன? பட்டு நகர்ச் சேவா சங்கம் ஞாயிற்றுக்கிழமை நடத்தப் போகும் கூத்துக்கு 'கொரோனாவில் தந்தையை இழந்த இளைஞர் கல்வி நிதி விழா' என்று பெயர். தகப்பனை இழந்த பிள்ளை இருக்கிற வீட்டில் புருஷனை இழந்த ஒருத்தி இருக்கத்தானே செய்வாள்? அழைப்பிதழில் நிர்வாகிகள் பதினாறு பேரின் படத்தைப் போட்ட சங்கத்துக்கு இது மட்டும் தோன்றவில்லை. தலைவர் வேணுகோபால் லேசுப்பட்டவர் அல்ல. ஒரு பாக்கெட் முகக்கவசத்தை ஒன்பது பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு நிற்க, நடுவில் சிரித்தபடி பேப்பரில் வந்தவர்.

பிரபாகரன் போனதும் மகள் சரண்யா பொரிந்து தள்ளினாள். "எனக்கு அந்தப் பணமே வேணாம்மா. நான் வரல."

"சும்மா கெட. ரோஷத்தக் கட்டினா காலேஜ்ல சேத்துப்பாங்களா?"

ப்ளஸ் டூ எழுதாமலே எல்லோரும் பாஸான வருஷம். வேலூரில் பி.காம். இடம் கிடைத்திருந்தது. சங்கம் தருவதாகச் சொன்ன இருபத்தைந்தாயிரம் வந்தால் சரண்யா கல்லூரிக்குப் போவாள். வராவிட்டால் துணிக்கடையில் புடவை மடிக்கப் போவாள். மே மாதம் ஆக்சிஜனுக்காக அலைந்து செத்துப்போவதற்கு முன், புருஷன் குமரேசன் கடைசியாகப் பேசியது மகளின் படிப்பைப் பற்றித்தான். கடைசி வரிசை என்ன, மண்டபத்து வாசலில் செருப்போடு செருப்பாக உட்காரச் சொன்னாலும் பானுப்ரியா உட்கார்வாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் தறிக்குப் பாவு நூல் கொடுத்து நெய்யச் சொல்பவரும் இதே வேணுகோபால்தான். அவர் கடை நோட்டில் நெசவாளி பெயர் சின்னக்கண்ணு, பானுப்ரியாவின் மாமனார். இடையில் குமரேசன் பெயர் இருந்தது. அவன் போனதும் நோட்டு திரும்பக் கிழவரிடமே போனது. கிழவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஊரடங்கில் ஆபரேஷன் தள்ளிப்போய், ஊடை எது பாவு எது என்றே தெரியாது. அதனால் என்ன? ஆம்பளை பெயர் இருந்தால் போதும், நோட்டுக்குக் கண் எதற்கு? யார் நெய்கிறார் என்று தெரிந்த பிரபாகரனும் வாயைத் திறக்கவில்லை.

முதலாளி வீட்டம்மா பாவு அனுப்பும்போதே சொல்லியனுப்பினார்: "நல்ல நேரம் பாத்து, ஒரு சுமங்கலி கையால குங்குமம் வெச்சுத் தறி ஏத்தச் சொல்லு." பக்கத்து வீட்டுக்காரி வந்து குங்குமம் வைத்துவிட்டுப் போனாள். மிச்சம் லட்சத்துச் சொச்சம் இழையையும் பானுப்ரியாதான் அடித்தாள். ஒரே அரக்கு நிறப் பாவில் இரண்டு புடவை. முதலாவது விழாவில் ஏலம் விட்டு நிதி சேர்க்க, இரண்டாவது அவர் மகள் பவித்ராவின் முகூர்த்தத்துக்கு. தர்மத்தையும் கல்யாணத்தையும் ஒரே பாவில் முடித்துக்கொண்டார் மனுஷன். முதல் புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கடைக்கு அனுப்பியாயிற்று. இரண்டாவது பாதி வரை நெய்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் விளக்கு ஏற்றியாயிற்று, பதினாறு பேரும் பேசியாயிற்று. கடைசி வரிசையில் பானுப்ரியாவைப் போல இன்னும் நாலு பெண்கள் குந்தியிருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே கூசினார்கள்.

ஏலம் ஆரம்பித்தது. அரக்குப் பட்டை இரண்டு பேர் விரித்துப் பிடிக்க, ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் நாற்பதாயிரத்துக்குக் கை தூக்கினார். தலைவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"நெய்ஞ்ச கையக் கௌரவிக்கணும் இல்லியா? ஐயா சின்னக்கண்ணு, மேலே வாங்க! எங்க பாப்பா கல்யாணப் பொடவையும் இவரு கையாலதான் நெய்யுறாரு!"

சரண்யா கையைப் பிடித்துக் கிழவரை மேடையேற்றினாள். தலைவர் அவர் தோளில் பொன்னாடை போர்த்தி, மைக்கை வாயருகே வைத்தார். "சொல்லுங்க ஐயா, இத நெய்ய எத்தினி நாளாச்சு?"

சின்னக்கண்ணு எழுபத்தொரு வயசு வரை பொய் சொல்லிப் பழகாதவர். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லை. வீட்டில் எப்படிக் கேட்பாரோ அப்படியே, மைக்கிலேயே கேட்டுவிட்டார்:

"பானு, எத்தினி நாளாச்சும்மா?"

மண்டபமே திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தது. பணம் போச்சு, மகள் படிப்பு போச்சு என்றுதான் பானுப்ரியா முதலில் நினைத்தாள். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"பதினெட்டு நாளு மாமா."

"பதினெட்டு நாளுங்க" என்றார் கிழவர், நிம்மதியாக.

ஜவுளிக்கடைக்காரர் தூக்கிய கையை மெல்ல இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டார். முன்வரிசையில் தலைவரின் மனைவி எழுந்தே நின்றுவிட்டார். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? பானுப்ரியா எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து மேடைக்கு வந்தாள்.

"நான்தாங்க நெய்ஞ்சேன். பாப்பா பொடவையும் நான்தான் நெய்ஞ்சிகினு கீறேன். எம்புருசன் போனப்புறம் அந்தத் தறியில வேற யாரும் குந்தலங்க."

தலைவர், எதையாவது செய்ய வேண்டுமே என்று ஆறடித் தெர்மாகோல் காசோலையைச் சரண்யாவிடம் நீட்டினார். ஒரு முனையை மகள் பிடிக்க, மறுமுனையை அம்மா பிடித்துக்கொண்டாள். கேமராக்காரன் வந்த வேலையைப் பார்த்தான். நிஜக் காசோலை மட்டும் தலைவரின் சட்டைப் பையைவிட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் வாட்ஸாப்பில் படம் வந்தது. பானுப்ரியாவை வெட்டியிருந்தார்கள். கையை மட்டும் வெட்ட முடியவில்லை. வெட்டினால் இருபத்தைந்தாயிரத்தில் ஒரு சைபர் போய், சங்கத்தின் மானமும் போயிருக்கும்.

பின்னாலேயே பிரபாகரன் வந்தான். தறி ஓடவில்லை. அவனுக்கு முகக்கவசத்துக்குள்ளேயே வேர்த்தது.

"ஐயரக் கேட்டுட்டாங்கம்மா. பட்டுக்குத் தீட்டு கெடையாதாம். நீ ஜல்தியா நெய்ஞ்சு முடிச்சுடு. பெரியவரு கையில குடுத்தனுப்பு. யாராச்சும் கேட்டா வாயத் தொறக்காத."

பானுப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆத்திரமும் கூடவே வந்தது. அடேயப்பா, அறுபதாயிரம் ரூபாய்ப் புடவை என்றதும் சாஸ்திரம் எப்படி வழிவிடுகிறது!

"பட்டுக்கு இல்லாத தீட்டு எனக்கு மட்டும் எங்கேர்ந்துங்க வந்துச்சு?"

"இன்னாம்மா பேஜார் பண்ற? நாள் இல்ல. வேற தறியில போட்டாலும் முடியாது."

"தெரியுங்க. அதனாலதான் சொல்றேன். எம்பொண்ணு செக்கு வரணும். நோட்டுல எம்பேரு எழுதணும். பொடவைய நானே எடுத்துகினு வந்து அம்மா கையிலதான் குடுப்பேன். சரின்னா இப்பவே தறி ஓடும்."

சாயங்காலத்துக்குள் காசோலையும் நோட்டும் வந்தன. நோட்டில் 'சின்னக்கண்ணு மருமகள்' என்று எழுதியிருந்தது. காசோலையை எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பி அனுப்பினாள். இரண்டாவது தடவை 'பானுப்ரியா' என்று வந்தது. அதற்கப்புறம்தான் குழியில் இறங்கினாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், மடித்த பட்டைக் கையில் ஏந்திக்கொண்டு தலைவர் வீட்டு வாசலில் நின்றாள். கூடவே சரண்யா, கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையோடு. தலைவரின் மனைவி தீட்டுக் கழிக்க ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரும் மாவிலையுமாகத் தயாராக வந்தார். மாவிலையைச் சொம்பில் முக்கினார்.

"தெளிங்கம்மா" என்றாள் பானுப்ரியா. "ஆனா மஞ்சத் தண்ணி பட்ட எடம் கறையாப்பூடும். தொவைச்சாலும் போவாது. சொல்லலன்னு அப்புறம் என்னக் கேக்கக் கூடாது."

மாவிலை அந்தரத்தில் சொட்டிக்கொண்டு நின்றது. அந்தம்மா பட்டைப் பார்த்தார், பானுப்ரியாவைப் பார்த்தார், மறுபடி பட்டைப் பார்த்தார். பிறகு சொம்புத் தண்ணீரை வாசல் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.